கூழ் ஆடையும் புதுத் தோலும்

ஊசி போடுகிற சிஸ்டரைக் கண்டால் பயப்படுவார்கள், மாத்திரை கொடுக்கிற சிஸ்டரைப் பார்த்துச் சிரிப்பார்கள், கட்டுப் பிரிக்கிற சிஸ்டரை மட்டும் வாய்விட்டுத் திட்டுவார்கள். திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அந்தத் திட்டை வாங்குகிறவள் நான். காய்ந்து ஒட்டிய துணியைப் பிரிக்கும்போது காது கிழியக் கத்தல் கேட்ட சக சிஸ்டர்களே, உங்களுக்குத் தெரியாததையா சொல்லிவிடப் போகிறேன்!

ஆடை

பெருமுக்கல் பக்கத்திலிருந்து வந்த கஸ்தூரிக்குக் கூலி வேலை. ஆடி மாசம் கோயிலில் கூழ் ஊற்றும்போது அண்டா சரிந்து வலது புறங்கை வெந்துவிட்டது. புண் தானாக மூடாவிட்டால் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும் என்றார் டாக்டர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற கை அது. விரல் மடங்காமல் போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

ஒரு நாள் புண்ணின் ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்புப் படலம் தெரிந்தது. விழுப்புரத்தில் நர்ஸிங் படிக்கும்போது எபிதீலியம் என்று மனப்பாடம் செய்த அதே திசு. ஓரத்துச் செல்கள் தட்டையாகி, நகர்ந்து வந்து புண்ணைப் போர்த்தும். அப்புறம்தான் அடுக்கடுக்காகக் கனத்துத் தோலாகும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் கட்டு அவிழ்ந்த கையோடு வந்தாள். படலத்தைக் காணோம், ரத்தம்தான் கசிந்தது. "என்னம்மா பண்ணித் தொலைச்சே?" என்று கத்திவிட்டேன்.

"கூழு ஆறி ஆடை கட்டுமே, அதான் இன்னும் ஒட்டிக்கினு இருக்குதுன்னு நானே தேச்சு எடுத்துட்டேங்க சிஸ்டர்."

கன்னம்

அது ஆடையில்லை, புதுத் தோல் என்று அவளுக்குப் புரிய வைத்தேன். அந்த வாரமே பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சுடச்சுட டீயைக் குடித்துக் கன்னத்தின் உட்புறத்தையும் வேகவைத்துக்கொண்டு வந்து நின்றாள். கை அப்படியே இருக்க, வாய் மட்டும் சட்டென்று ஆறிவிட்டது. வாயின் உள்சுவரும் எபிதீலியம்தான். சோறும் முறுக்கும் ஓயாமல் உரசுகிற இடம் என்பதால், அங்கே செல்கள் வேகமாகப் புதுசாகின்றன. சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இல்லை.

"திங்கிற வாய்க்கு மட்டும் ஜல்தியா வேலை நடக்குது, ஒழைக்கிற கை இப்டி பேஜாரு பண்ணுதே!"

துடைப்பம்

கல் குவாரியில் வேலை செய்யும் ஏழுமலை, நசுங்கிய கட்டைவிரலுக்குக் கட்டு மாற்ற வருவார். கட்டுப் போடுவதற்குள் நாலு தரம் காறுவார். சளிக்கு மருந்து கேட்டார். டாக்டரிடம் அனுப்பிவிட்டு, எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன்: மூச்சுக்குழாயின் உள்சுவரில் உயரமான செல்கள் நிற்கின்றன, அவற்றின் தலையில் நுண்ணிய மயிர்கள். தூசியைச் சளியில் சிக்கவைத்து மேலே மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். பீடிப்புகை அந்த மயிர்களைச் சோர்ந்து விழ வைக்கும். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உள்ளேயே ஒருத்தி தொடப்பம் வெச்சுப் பெருக்கிக்கினு கீறா, நான் பாட்டுக்குப் பொகையை ஊதிக்கினு இருந்துட்டனே சிஸ்டர்."

வயிறு

நாங்கள் மத்தியானச் சோறு சாப்பிடும்போது சாயங்காலம் ஆகிவிடும். காலி வயிற்றில் அமிலம் சுரந்தும் வயிறு வெந்துபோகாமல் இருப்பது அதன் எபிதீலியம் சுரக்கும் கோழையால்தான். அதற்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன். எங்கள் ஆயா ரோசி அக்காவிடம் இதைச் சொன்னபோது என் டிபன் பாக்ஸைத் திறந்து கையில் வைத்தார்.

"நன்றி அப்புறம் சொல்லலாம், மொதல்ல துன்னு."

மறுபடியும் ஆடை

கஸ்தூரியை விழுப்புரம் அனுப்புவதா வேண்டாமா என்று டாக்டர் முடிவு சொல்லும் நாள் வந்தது. உப்புத் தண்ணீரில் துணியை ஊறவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தேன். இழுத்தால் புதுச் செல்களும் துணியோடு வந்துவிடுமே! இரண்டு ஓரங்களும் நடுவில் வந்து சேர்ந்திருந்தன. "விரலை மடக்கும்மா" என்றார் டாக்டர். மடக்கினாள். "விழுப்புரம் வேணாம்" என்றார். அவள் அழுதாள், ஒளிப்பானேன், நானும் அழுதேன்.

அடுத்த ஆடியில் தூக்குச்சட்டியோடு வந்தாள். மூடியைத் திறந்தால் கேப்பைக் கூழ், மேலே கலையாத ஆடை. சட்டியைப் பிடித்திருந்த கையில் வடு மட்டும்தான் இருந்தது.

"பஸ்ஸுல ஆடாம மடியிலேயே வெச்சுக்கினு வந்தேங்க. இப்பல்லாம் ஆடைய எடுக்க மனசே வர்ல சிஸ்டர்."

துணியை ஊறவைத்தது மட்டும்தான் நான், புண்ணை மூடியது அவளுடைய செல்கள். ஆனால் கூழ் என்னவோ எனக்குத்தான் கிடைக்கிறது.