ஒரு பிடி மண் கொண்டுபோனவள்

அத்தையின் மகள் வயிற்றுப் பேரன் எங்கள் வம்சத்தைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். ஆளுக்கொரு கட்டம், கட்டத்துக்குக் கட்டம் கோடு. முகம் பார்த்திராத சொந்தக்காரர்களை எங்கிருந்தோ தேடிப் பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் சேர்த்துவிட்டான். அவர்கள் தினமும் காலையில் ஒருவருக்கொருவர் ரோஜாப்பூ அனுப்பி உறவை வளர்க்கிறார்கள்.

போன வாரம் அவன் என்னைக் கூப்பிட்டான்.

"அத்தை, சின்னக்கண்ணுன்னு ஒரு அம்மா மட்டும் தனியா நிக்கிறாங்க. அவுங்க அப்பா பேரு என்ன? கூடப் பொறந்தவுக பேராவது சொல்லுங்க, கோடு போட்டுருவேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வருவாய்த் துறையில் இருந்த காலத்தில் இந்தப் பதிலை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பார்க்கப் போவதில்லை என்பது அதற்குப் பொருள். வாரிசுச் சான்று கேட்டு வருகிறவர்களிடம் இறப்புச் சான்று எங்கே, குடும்ப அட்டை எங்கே, சாட்சி இரண்டு பேர் எங்கே என்று கேட்டே ஓய்வு பெற்றவள் நான். சின்னக்கண்ணு விஷயத்தில் என்னிடம் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். எனக்கு அப்போது பத்து வயது.

நாங்கள் பசுமலையில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கோர்ட்டில் வேலை. சாட்சிகள் சொல்வதை எழுதி எடுக்கும் எழுத்தர். அத்தை அப்பாவின் ஒரே தங்கை, பள்ளிக்கூட ஆசிரியை. அவளுக்கு இருபத்தெட்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் பெண்ணின் வயதைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வதற்கு அந்தக் காலத்தில் அதுவே அதிகம். இரண்டு சம்பந்தங்கள் வந்து, காப்பி குடித்து, கடிதம் போடுவதாகச் சொல்லிப் போயிருந்தன.

மூன்றாவதாகக் கோச்சடையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையும் ஆசிரியர், அத்தையின் பள்ளியிலேயே. இந்தச் சம்பந்தம் தானாக நடந்து வரவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்கள். ஜாதகம் பொருந்தியது. அத்தை அன்றைக்கு இரண்டு தடவை தலை சீவினாள். எல்லாம் பேசி முடித்து, காப்பியும் வந்த பிறகு, மாப்பிள்ளையின் அப்பா பெருமையாக ஒன்று சொன்னார்.

"எங்க குலசாமி பிடிமண் சாமிங்க. பரவைக்கு மேக்க, கம்மாக்கரை அய்யனார் கோயில்லருந்து மண்ணெடுத்தாந்து வச்சது."

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். அந்தக் கம்மாக்கரை அய்யனார்தான் எங்கள் குலசாமி.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிழைப்புத் தேடி வேற்றூர் போகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப் போய், போன இடத்தில் அதை வைத்துக் கும்பிடுவார்கள். ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள், எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும், அண்ணன் தங்கை முறை. கட்டிக்கொடுக்க முடியாது. ஆனால் மண் கொண்டுபோனது வம்சத்து ஆண்பிள்ளையாக இல்லாமல், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்பிள்ளையாக இருந்தால் கணக்கு மாறிவிடும். அவள் பெற்றவர்கள் நமக்கு மாமன் மச்சான் முறை. தாராளமாகக் கட்டலாம். ஆக, எந்தக் காலத்திலோ கோச்சடைக்குப் போன ஒரு ஜீவன் வேட்டி கட்டியிருந்ததா, சேலை கட்டியிருந்ததா என்பதில் வந்து நின்றது அத்தையின் கல்யாணம். கோச்சடைக்காரர்களுக்கே அது தெரியவில்லை.

"இது இல்லேன்னா எனக்கு வேற பாக்க வேணாம்ணே," என்று மட்டும் அத்தை அப்பாவிடம் சொன்னாள். அதன் பிறகு மூன்று நாள், அவள் குளிக்கப் போகும்போதெல்லாம், குளியலறையில் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஊர்க் கோயில் பூசாரியைக் கேட்பது என்று முடிவாயிற்று. எங்கள் வம்சத்துக்கு அவர்தான் பதிவேடு. மாசி மாதப் படைப்பில், சாமிக்குப் படையல் போட்டதும், மூத்தவர் பெயரிலிருந்து வரிசையாகக் கூப்பிட்டு, ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு தேங்காய் மூடி கொடுப்பார். அந்த வரிசையில் ஒரு பெண் பெயர் கிடையாது. ஆறேழு தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் ஆண்கள் தங்களைத் தாங்களே பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கிளம்பும்போது நானும் வருவேன் என்று அழுதேன். அழச் சொன்னது அத்தை. "அங்க என்ன பேசுறாகன்னு கேட்டுட்டு வந்து எங்கிட்டச் சொல்லணும். அண்ணன் பாதிதான் சொல்லும்," என்றாள்.

பூசாரி அப்பாவுக்குப் பெரியப்பா முறை, எனக்குத் தாத்தா. சாமிக்கு வருஷத்தில் சில நாள்தான் வேலை என்பதால், மற்ற நாட்களில் பரவைச் சந்தையில் வெங்காய மூட்டை தைப்பார். நாங்கள் போனபோதும் தைத்துக்கொண்டுதான் இருந்தார். சாக்கு ஊசியை வாயில் கடித்தபடி எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

அப்பா விவரத்தைச் சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார்.

"கோச்சடைக்கு மண்ணு கொண்டுபோனது யாரு பெரியப்பா?"

"யாரு கண்டா? எங்கய்யா காலத்துக்கும் முந்தி. போனாகன்னு தெரியும். யாரு போனான்னு எங்கய்யா சொல்லல, நானும் கேக்கல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சா மட்டும் வந்துருமாப்பா? மறந்து போயிருந்தா யோசிக்கலாம். தெரியாததை என்னத்த யோசிக்க?"

அப்பா நோட்டை மூடினார். அதோடு எல்லாம் முடிந்தது, வீட்டுக்குப் போய் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான் என்று புரிந்தது.

"தாத்தா, பொம்பள கொண்டுபோயிருந்தா கல்யாணம் பண்ணலாமாம். அத்தை அழுதுக்கிட்டே இருக்கு," என்றேன்.

"பெரியவுக பேசும்போது என்ன பேச்சு?" என்றார் அப்பா.

தாத்தா ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்க அத்தைக்கு என்ன வயசு தாயி?"

"இருபத்தெட்டு."

"மாப்ள எப்படி? குடிப்பானா?"

"கணக்கு வாத்தியாரு தாத்தா. எனக்குக்கூட பின்னம் சொல்லிக் குடுத்தாரு."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை எங்கே, எப்போது எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாத சங்கதி. தாத்தா சிரித்தார். மூட்டையில் இன்னும் நாலு தையல் போட்டு, நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"பொம்பளப் புள்ளதான்ப்பா போச்சு. இப்ப ஞாபகம் வருது. வாக்கப்பட்டுப் போறப்ப அழுதுக்கிட்டே போயி, கோயில் வாசல்ல ஒரு பிடி மண்ண அள்ளி மடியில கட்டிக்கிட்டுப் போச்சாம்."

அப்பா நோட்டைத் திறக்கவில்லை.

"அப்ப மாசிப் படைப்புல மண்ணெடுத்துப் போனவுகளுக்குன்னு ஒரு மூடி எடுத்து வைக்கிறீகளே, அது என்ன? பங்காளிக்குத்தான பங்கு?"

கோர்ட்டில் வக்கீல்கள் இதைவிடச் சின்னக் கேள்வியில் சாட்சியை மடக்கிவிட்டு மேசையைத் தட்டுவார்கள் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். தாத்தா அசரவில்லை.

"அது பங்குன்னு ஒனக்கு யாரு சொன்னா? அது சீரு. பொறந்த வீட்ல ஒரு தேங்காமூடி கூடவா அவளுக்குக் கிடையாது?"

"பேரு?"

தாத்தா ரொம்ப நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயத் தொலி காற்றில் பறந்து அவர் வேட்டியில் ஒட்டியது.

"சின்னக்கண்ணு," என்றார். "எழுதிக்கப்பா."

அப்பா கொஞ்சம் தயங்கி நோட்டைத் திறந்தார். பெயர் சின்னக்கண்ணு, உறவு மகள், தகவல் தந்தவர் பூசாரி என்று அவருடைய கோர்ட்டுக் கையெழுத்தில் எழுதினார். 'யாருடைய மகள்' என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. நான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தில் எவரையும் அந்தக் கேள்வி கேட்காமல் விட்டதில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அடுத்த மாசியில் தாத்தா பெயர் வரிசையைக் கூப்பிட்டு முடித்து, கடைசியாக "சின்னக்கண்ணு வகையறா" என்று உரக்கச் சொன்னார். கணக்கு வாத்தியார் மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்த் தேங்காய் மூடியை வாங்கினார். அவர்கள் வீட்டில் சின்னக்கண்ணு பெயரை இரண்டு பெண்பிள்ளைகளுக்கு வைத்துவிட்டார்கள். பத்திரமோ பட்டாவோ இல்லாமல் இத்தனை பேருக்கு மூதாதையாகும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆனால் அன்றைக்குச் சந்தையிலிருந்து திரும்பும்போது நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தாத்தா கொடுத்தனுப்பிய வெங்காயப் பொட்டலம் என் மடியில் இருந்தது. அப்பா கேட்டார்.

"பொம்பளன்னு மொதல்ல சொன்னது யாரு? அவரா, நீயா?"

அடி விழுமோ என்று பயந்துகொண்டே, "நான்தாம்ப்பா," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"வீட்ல யாரு கேட்டாலும் அவரு சொன்னத மட்டும் சொல்லு. அத்தை கேட்டாலும் அம்புட்டுத்தான். நீ சொன்னதைச் சொல்ல வேணாம்."

பெரியவர்கள் பேச்சில் குறுக்கே புகுந்தவளை அம்மாவின் வசவிலிருந்து அப்பா காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். அவர் இவ்வளவு நல்லவரா என்று ஆச்சரியமாக இருந்தது. அவர் தோளில் சாய்ந்து, ஊர் வரும்வரை நிம்மதியாகத் தூங்கினேன்.