நார்மல் என்று ஒட்டிய தட்டு

எங்கள் ஆய்வகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நார்மலக்கா, அவ்வளவுதான். தசைநோய்க்காரர்களின் செல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் சதை தேவைப்பட்டபோது, "என் கெண்டைக்கால்ல வேணுங்கிற அளவு இருக்கு, எடுத்துக்குங்க" என்று காலை நீட்டியவள் அவள். அதிலிருந்து வளர்த்த செல்கள்தான் 'நார்மல்' என்று சீட்டு ஒட்டிய தட்டில் இருந்தன. காலையில் செல் அறைக்குள் நுழைந்ததும், "என்னங்கடி, எனக்கு முன்னாடியே வேலைக்கு வந்துட்டீங்களா?" என்று அவற்றை விசாரிப்பாள். ஜன்னலே இல்லாத அந்த அறையில், அவள் வீட்டுக்குப் போன பிறகும் அவள் சதை தானாகத் துடித்துக்கொண்டிருக்கும்.

அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். தலைச்சன். உள்ளே உதைக்கும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக்கொள்வாள். "பாருடி, ஃபுட்பால் ஆடுது!" என்று முகமெல்லாம் சிரிப்பாள்.

தசை சுருங்கும்போதெல்லாம் அதன் செல்லைச் சுற்றியுள்ள சவ்வு இழுபடும். அதை உள்ளிருந்து தாங்கிப்பிடிக்க ஒரு புரதம் உண்டு. இந்த நோய்க்காரர்களுக்கு அது இல்லாததால், அசைந்தாலே சவ்வு கிழியும். அந்தக் கிழிசலை அடைக்கும் மருந்தொன்றைத்தான் நாங்கள் சோதித்துக்கொண்டிருந்தோம். தட்டை ஓர் இயந்திரம் இழுத்து இழுத்து விடும். பிறகு நீலச் சாயம் ஊற்றுவோம். கிழிந்த செல்லுக்குள் மட்டும் சாயம் இறங்கும்.

நார்மல் தட்டில் நீலம் வரக்கூடாது. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. சாயம் கெட்டுவிட்டது என்று ஆய்வகத்தை நடத்திய டாக்டரம்மா புதுப் புட்டி வாங்கினார். மறுபடியும் வந்தது. இயந்திரத்தைத் திட்டினோம், தண்ணீரைத் திட்டினோம். சீட்டில் நார்மல் என்று எழுதியிருக்கிறதே, அதைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. "என் சதைக்கு நீலக் கலர்னா உசுரு" என்று அவள் வேறு கேலி செய்தாள்.

ஒருநாள் பேச்சு வாக்கில், நோயாளியின் தட்டுக்கு ஊற்ற வேண்டிய மருந்தைத் தன் தட்டில் ஊற்றிவிட்டாள். "ஐயையோ, மாத்தி ஊத்திட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வீணாக்குவானேன் என்று அதையும் இயந்திரத்தில் வைத்தோம். டக், டக் என்று இழுத்து முடித்தது. சாயம் ஊற்றி, நுண்ணோக்கியில் குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை. நானும் பார்த்தேன். ஒரு செல்லில்கூட நீலம் இல்லை.

சாயம் கெட்டிருந்தால் மருந்து அதைத் தடுத்திருக்காது. கிழிசல் இருந்தால்தானே அடைபடும்? அப்படியானால் அவள் செல்களிலும் சிலவற்றில் அந்தப் புரதம் இல்லை.

"எங்க தாய்மாமா ஒருத்தரு சின்ன வயசுலயே போயிட்டாரு," என்றாள் அவள், மெதுவாக. "சோம்பேறி, சோம்பேறின்னுதான் அம்மா சொல்லும். வீட்டுல அவரு போட்டோ நாலஞ்சு இருக்கு. எல்லாத்துலயும் உக்காந்துதான் இருக்காரு."

டாக்டரம்மா வாசலில் நின்றிருந்தார். "பொம்பளைங்க உடம்புல வெளிய தெரியாமலே இருந்து பையனுக்குப் போற நோய்தான். ஆனா வந்தே தீரும்னு இல்லம்மா. பையனா இருந்தாக்கூட பாதிக்குப் பாதிதான். டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்," என்றார். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

இயந்திரம் அடுத்த தட்டை இழுத்துக்கொண்டிருந்தது. அவளுடைய வெள்ளைக் கோட்டுக்குள் வயிறு ஒருபக்கம் மேடிட்டு அசைவதை நான் பார்த்தேன். அவள் என் கையைத் தேடவில்லை. தன் இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு குனிந்தாள்.

"உதைக்காத கண்ணு," என்றாள். "அசையாம இரு."