அச்சில் விடுபட்ட பெயர்

உரும்பிராய்க் கிணறுகளின் தண்ணீரை என் ஆய்வுக்காகப் பரிசோதித்தேன். கைக்குழந்தைகளுக்கு நஞ்சாகும் நைட்ரேட் கூடிய கிணறுகள் சிவப்பாகத் தெரியும்படி கணினியில், 'ஆர்' (R) என்ற மென்பொருளில், அளவை நிறத்தால் காட்டும் ஒரு வெப்பப்படம் வரைந்து வாசிகசாலையில் ஒட்டினேன். கிணற்றுக்காரரின் பெயர்கள் நிறக் கட்டங்களுக்கு நேரே, பக்க அச்சில் இருந்தன.

மறுநாள் காலை அங்கே ஒரு அண்ணை கேட்டார்: "தங்கச்சி, இந்தக் கடுஞ்சிவப்புக்கு நேரை ஏன் பேரில்லை?"

படத்துக்குக் கிட்டப் போனேன். நெருக்கமான பெயர்கள் ஒன்றோடொன்று முட்டினால் மென்பொருள் சிலவற்றைத் தானாகவே விட்டுவிடும். எழுத்தைச் சிறிதாக்கியிருந்தால் எல்லாம் வந்திருக்கும். ஒட்டமுன் நான் சரிபார்க்கவில்லை. அது சுகந்தி அக்காவின் கிணறு. அவருக்குப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை.

"அவ நேற்றுப் பாத்தவ. தன்ரை பேர் இல்லையெண்டு சந்தோசமாப் போனவ," என்றார் அண்ணை.

சுகந்தி அக்காவை அழைத்தேன்; தொலைபேசியை அவர் எடுக்கவில்லை. சைக்கிளை மிதித்த வழியெல்லாம் அழுதேன். குசினியில், அடுப்பருகே அவர் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உந்தப் பாலைக் குடுக்காதேங்கோ."

"கொதிக்க வைச்ச தண்ணிதானே?"

"கொதிக்க வைச்சாலும் நைட்ரேட் போகாது, அக்கா. பிள்ளையின்ரை உதடு நீலமாகும்."

அவர் குழந்தையின் உதடுகளைப் பார்த்தார். "உம்மடை படத்தைப் பாத்திட்டு, நேற்று முழுக்க உந்தத் தண்ணியிலைதானே கரைச்சுக் குடுத்தனான்."

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குருதியைச் சோதித்துவிட்டு, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார்.

பிறகு, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"நீர் ஓடி வந்தனீர்தானே," என்று நன்றி சொன்னார்.

ஏசியிருந்தால் மறந்திருப்பேன். அந்த நன்றியை மறக்க முடியவில்லை.