ஏறியவர்கள் பட்டியல்

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் ஸ்பேனரைப் பிடிக்க, அப்பா டார்ச் அடித்தார். வழக்கமாக ஸ்பேனர் அவர் கையில்தான் இருக்கும். மணிக்கட்டு வலி என்று அன்றைக்கு இடம் மாற்றிக்கொண்டார்கள்.

"வாஷரைத் தலைகீழா போடுறே."

"எனக்குத் தெரியும்பா. வெளிச்சத்தை ஆட்டாதீங்க."

"இன்ஜினியர் அம்மா சொன்னா சரிதான்." டார்ச் நேரானது. பழைய வாஷரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்: "அந்தக் கப்பல் விஷயம் என்னாச்சு?"

அந்த மாதம் முழுக்க இதே கேள்விதான். அவள் வேலையிலிருந்து களைத்து வந்தாலும் கேட்பார், சாப்பிட உட்கார்ந்தாலும் கேட்பார்.

"தேடிட்டேன்பா. அவர் திரும்பி வரல."

"வரலையா?"

"வரல. விடுங்களேன்."

"சரிம்மா." குழாய் சொட்டுவது நின்றிருந்தது. தரையைத் துடைக்கத் துணி எடுத்துவரப் போனார்.

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அடுத்த வாரம் ஒரு காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். தகரக் கூரை போட்ட கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்து சேர்ந்தது என்று எழுதுவார். ஒரு வண்டி வராவிட்டால் மற்றவர்கள் 'வரவில்லை' என்று எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் காத்திருப்பார். "எங்கயாவது நின்னிருக்கும்ல? எங்கன்னு தெரியாம எப்படி எழுதுறது?" என்பார். டைம்கீப்பர் வண்டியைத்தான் கல்யாணம் பண்ணியிருக்கிறார் என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். மகளுக்குப் பள்ளியில் பரிசு கொடுத்த நாளிலும் ஒரு வண்டி வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். கோப்பையோடு அவள் வெளியே நின்றிருந்தாள். அந்தக் கோபம் அவளுக்கு முழுதாகப் போகவே இல்லை. குழாயடியில் 'வரல' என்றபோது அதுவும் கொஞ்சம் சேர்ந்துதான் வந்தது.

அவர் தேடச் சொன்னது தன் தாத்தாவை. கடல் தாண்டித் தோட்ட வேலைக்குப் போன ஆள். போகும்போது மனைவி பிள்ளைத்தாய்ச்சி. கொஞ்ச வருஷம் கழித்து, அடுத்த கப்பலில் வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். வரவில்லை. அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவர் போனபின் பிறந்து, அவர் முகமே பார்க்காத பெண்தான் அப்பாவின் அத்தை. அப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டில் எல்லோருக்குமே அவர் அத்தைதான். 'ஓடிப்போனவன் மகள்' என்ற பேச்சு அவரோடு பள்ளிக்கூடத்துக்கும் போனது, புகுந்த வீட்டுக்கும் போனது. தாத்தாவின் ஒரே புகைப்படம் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. "ஓடினாரா, செத்தாரான்னு தெரியட்டும். எங்கம்மா படத்துக்குப் பக்கத்துல மாட்டலாமா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்" என்பார் அத்தை. பழைய கப்பல்களின் பயணிகள் பட்டியலைக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம் என்று அப்பா எங்கோ படித்துவிட்டு வந்ததில் ஆரம்பித்தது எல்லாம்.

துக்கத்துக்கு வந்த அத்தை, அழுது ஓய்ந்தபின் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"ஏன்டி, எங்கப்பன் கப்பல் கரை சேந்துச்சா?"

"அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னானே, கண்ண மூடுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிகூட. 'எம்பொண்ணு இன்னும் தேடிக்கிட்டிருக்கா அத்தை, பெரிய வேலை, அவசரப்படுத்தாத'ன்னான். படத்தைக்கூட ஃப்ரேம் கடையில குடுத்துட்டான், அவசரக்குடுக்கை."

அவள் தேடியது வந்து இறங்கியவர்கள் பட்டியலில் மட்டும். பெயரை அடித்தால் போதும், இருந்தால் காட்டிவிடும். திரும்புகிற ஆள் இறங்கித்தானே ஆகவேண்டும் என்று அதோடு விட்டுவிட்டாள். அக்கரைத் துறைமுகத்தில் ஏறியவர்களின் பட்டியல் தனியாக இருந்தது. கோணல் கையெழுத்து, மங்கிய படங்கள், ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால் படிக்கவேண்டும். அது இருப்பது அவளுக்கு அப்போதே தெரியும். பாதிதான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாளும் கேட்பார்.

அப்பா அவளை நம்பாமல் அத்தையிடம் அப்படிச் சொன்னாரா? நம்பிவிட்டு, மனசு கேட்காமல் மறைத்தாரா? இனி யாரிடம் போய்க் கேட்பது?

வந்தவர்கள் எல்லோரும் போய் வீடு அடங்கியபின் உட்கார்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலோடு வேலை முடிந்துவிட்டது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தாத்தாவின் பெயர், அவருடைய தகப்பன் பெயர், ஊர், இடது முழங்கையில் வீட்டில் சொல்லக் கேட்ட அதே தீக்காயத் தழும்பு. எல்லாம் பொருந்தியது. கப்பலில் ஏறியிருக்கிறார். பெயருக்கு எதிரே, வேறு மையில், கடலில் மரணம் என்று குறித்திருந்தது.

அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"அப்ப கிளம்பித்தான் இருக்காரு."

"ஆமா அத்தை. ஏறிட்டாரு."

"எங்கம்மா சொல்லிச்சு. ஒருத்தரும் நம்பல." மூக்கை உறிஞ்சினார். "இதை அவன் இருக்கும்போதே கண்டுபிடிச்சிருக்கக் கூடாதாடி? எவ்வளவு தவிச்சான்."

"அப்பக் கிடைக்கல அத்தை."

முதல் பொய்யைவிட இது சுலபமாக வந்தது.

மறுநாள் ஃப்ரேம் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணாடி போடாத சட்டத்தை எடுத்து வைத்தார். படத்தில் குடையை ஊன்றியபடி விறைப்பாக நின்றான் ஓர் இளைஞன். அப்பாவின் காது அப்படியே. அடியில் வெள்ளை அட்டையில் பெயர் எழுதியிருந்தது. அதற்குக் கீழே காலி.

"அந்த இடத்துல ஒரு வரி எழுதணும், என்னன்னு நானே வந்து சொல்றேன், அதுவரைக்கும் கண்ணாடி போடாதேன்னாரு உங்கப்பா. 'காலமானார்னு போட்டு முடிங்க சார், இன்னுமா இருக்கப்போறாரு'ன்னு சொன்னேன். முறைச்ச முறைப்பு இருக்கே!" சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தூரிகையை நனைத்தார். "நீங்க சொல்லுங்கம்மா. என்ன எழுத?"

"'வீடு திரும்பும் வழியில்'னு எழுதுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மை காயவேண்டும், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். அதை அத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், அவருடைய அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டவேண்டும். அப்பா தானே வந்து மாட்டித் தருவதாக அத்தையிடம் ஒப்புக்கொண்டிருந்த வேலை அது.