கிளட்ச் நட்டு, இரண்டு சுற்று

செயின் அறுந்தது 1950களின் நடுவில், ஐப்பசி மழைக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைய டைரிப் பக்கத்தில் 'செயின் அறுந்தது' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் துறைமுகத்துக்குப் போய்வந்த, இன்ஜினுக்கு எண்ணெய் போடும் தற்காலிக ஆயில்மேன். வேலை, துறைமுகத்தைத் தூர்வாரும் நீராவிக் கப்பலான பக்கெட் டிரெட்ஜரில். சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகள் ஏணி போன்ற சாய்ந்த லேடர் வழியே கடலடிக்கு இறங்கிச் சேற்றை அள்ளி மேலேறும். வாளி பாறையில் சிக்கினால் கிளட்ச் வழுக்கி, இழுவையை விட்டுவிடும். செயினைக் காப்பது அதுதான்.

அன்று கீழே கல். கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருந்தது. போர்மன் இறங்கி வந்தார்.

"இன்னா தேவசகாயம், உன் மெஷினு பல்லு போன கெயவன் மாதிரி மென்னுக்கினு கீது?"

எளாவூர்க்காரரான இன்ஜின் டிரைவர் தேவசகாயம் திரும்பாமலே சொன்னார்: "வழுக்கறதாலதான் சார் செயின் பொயச்சிக்கினு கீது. இறுக்கினா அறுந்துடும்."

"ரொம்ப கண்ட."

தேவசகாயம் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனதும் போர்மன் என்னிடம் வந்தார். "பர்மனென்ட் லிஸ்டு நான்தான் எய்தறேன். கிளட்ச் நட்டை ரெண்டு சுத்து இறுக்குடா."

இறுக்கினேன். தேவசகாயம் அண்ணன் திரும்பி வந்தபோதும் சொல்லவில்லை. அவர் ஸ்டீம் திறந்தார். சற்று நேரத்தில் ஒரு வாளி கல்லில் மாட்டியது. கிளட்ச் வழுக்கவில்லை. செயினைக் கோத்திருந்த ஆணி முறிந்து செயின் அறுந்தது; வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக லேடரில் சரிந்து கடலுக்குள் போயின. யாருக்கும் அடியில்லை.

விசாரணையில் போர்மன், டிரைவர் ஸ்டீமை அதிகம் திறந்ததாகச் சொன்னார். அதிகாரி என்னைக் கேட்டார்: "நட்டை யாராவது தொட்டாங்களா?"

தேவசகாயம் என்னைப் பார்த்தார். செயின் அறுந்ததுமே, நட்டு இறுகியிருந்ததை அவர் பார்த்திருந்தார்.

"தெரியாது சார்" என்றேன்.

அவருக்கு வேலை போயிற்று. எனக்கு நிரந்தரமாயிற்று. எளாவூரில் ஒருமுறை அவரைப் பார்த்தேன், லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் அன்னிக்கு..."

"தெரியும்பா. வயி வுடு, மூட்டை வருது."

பின்னாளில் அதே டிரெட்ஜருக்கு நானே டிரைவரானேன். கிளட்சை இறுக்கக் கூடாது என்று அவர் சொன்னதையே நானும் சொன்னேன். எந்தப் போர்மனும் மறுத்துப் பேசவில்லை. செயின் ஒருமுறை அறுந்ததை எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

இளைஞர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அந்த விசாரணை அறை. இங்கே எழுதுவதால் தேவசகாயத்துக்கு ஒரு நாள் வேலைகூடத் திரும்பக் கிடைக்காது.