ரானுயியில் நின்ற பீக்கன் மரங்கள்

இந்த ஊரில் இலைகள் தபாலில் வருகின்றன. கோடை நடுவில் எங்கள் ஆய்வுகூட வாசலில் காகிதப் பைகள் குவிந்துவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டக்காரரின் பெயரும் ஒரு கைப்பிடி இலையும் இருக்கும். அவற்றைக் கழுவி, உலர்த்தி, தூளாக்கி, மரத்துக்கு என்ன சத்துக் குறைகிறது என்று சொல்வதுதான் என் வேலை. பேராதனையில் இரசாயனம் படித்த நாட்களில், நீ ஆக்லாந்தில் இலை அரைத்துத்தான் சோறு தின்பாய் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மன்னாரில் மரம் காய்க்காவிட்டால் இரண்டு கூடை எருவைப் போட்டுவிட்டு நன்றாக ஏசுவோம். அதோடு சரி.

தொண்ணூறுகளின் நடுவில், இங்கே கோடையாக இருக்கும் ஒரு மாசி மாதம், பையைத் தபாலில் போடாமல் நேரே என்னிடம் கொண்டுவந்தவர் சூசை அண்ணை. எங்கள் மன்னாரின் முருங்கனில் வயல் செய்தவர், சண்டையில் அதை விட்டுவிட்டு வந்தவர், இங்கே ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. ஆக்லாந்தின் மேற்கு ஓரத்தில், ரானுயிக்கு அப்பால் அவர் மோர்ட்கேஜ் எடுத்து வாங்கிய காணியில், முன்னைய சொந்தக்காரன் வைத்த பீக்கன் மரங்கள் நின்றன. அமெரிக்காவின் சூடான பக்கத்து மரம் அது. ஓட்டுக்குள் வாதுமை போலப் பருப்பு இருக்கும். அண்ணையின் மரங்களிலும் காய் வரும், உடைத்தால் உள்ளே வெறும் சக்கை. அவர் மனைவி மேரி அக்காவுக்குப் பிரிஸ்பேனில் இருக்கும் மகளிடம் போய்விட ஆசை. அண்ணைக்கோ இன்னொரு காணியை விட்டுப் போக மனமில்லை. இலையில் குறை தெரிந்தால் சத்துப் போட்டு மரத்தைத் திருத்துவது, இல்லையென்றால் விற்றுவிட்டுப் புறப்படுவது என்று இருவரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

பையைத் திறந்தால் அத்தனையும் மஞ்சளித்த, புழு அரித்த இலைகள்.

“என்ன அண்ணை இது?”

“நோகிற இடத்தைத்தானே பிள்ளை டொக்டருக்குக் காட்டவேணும்!”

சிரித்துவிட்டேன். அந்த ஞாயிறு பூசை முடிந்து நானே போனேன். அவ்வருடம் விட்ட கிளையின் நடுப்பகுதியில் இலை எடுக்கவேண்டும். நல்லதாகவும் பொறுக்கக்கூடாது, கெட்டதாகவும் பொறுக்கக்கூடாது. அண்ணை கிளைகளை வளைத்துப் பிடித்தார். மேரி அக்கா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கிட்ட வரவில்லை.

முடிவு வந்தது. நைதரசன், துத்தநாகம், எல்லாமே போதிய அளவில் இருந்தன. மேலதிகாரி கிரெய்க் எட்டிப் பார்த்து, “குட் நியூஸ்! உரச்செலவு மிச்சம்” என்றார். இது அண்ணைக்குக் கெட்ட செய்தி என்றேன். எனக்கு அட்டவணை விளங்கவில்லை என்று நினைத்து, பாவம், முதலிலிருந்து பொறுமையாக விளக்கினார். பிறகு ஏன் பருப்பு இல்லை என்று கேட்டேன். ஜன்னலைக் காட்டி, இங்கே அந்த மரத்துக்குச் சூடு போதாது என்றார். சூட்டை எந்தக் கடையில் வாங்கிப் போடுவது?

அண்ணை வீட்டுக்குப் போய், குசினியில் உட்கார்ந்து சொன்னேன்.

“ஒண்டுமே குறையேல்லையோ?”

“இல்லை அண்ணை. எல்லாம் அளவாத்தான் இருக்கு. இந்த ஊர் வெயில்தான் காணாது.”

“வடிவாப் பாத்தனீங்களோ? ஏதாவது குறைஞ்சிருந்தா நான் போட்டிருப்பனே பிள்ளை.”

குறை வேண்டும் என்று ஒரு மனிதன் கெஞ்சுவதை அன்றுதான் கண்டேன். எனக்கும் இங்கே வேலை உண்டு, வீடு உண்டு, பயமில்லாத நித்திரை உண்டு. என்ன குறை என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மனம் நிறைந்ததில்லை.

மேரி அக்கா மெல்லக் கேட்டார்: “மரங்கள் பட்டுப்போயிடுமோ?”

“இல்லை அக்கா. இப்பிடியே பச்சையா நிக்கும்.”

“இஞ்சேருங்கோ, அப்ப நிக்கட்டுமே,” என்றார் கணவரிடம். அத்தனை நாளும் போவோம் போவோம் என்று நின்றவர் அவர்தான்.

“கதைச்சது கதைச்சதுதான். விப்பம்.” அண்ணை எழுந்து வெளியே போய்விட்டார்.

குளிர் தொடங்குமுன் புறப்பட்டுவிட்டார்கள். பிரிஸ்பேனில் பீக்கன் நன்றாகக் காய்க்குமாம், அண்ணை அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லையாம். ஆனால் இங்கே மரங்கள் துளிர்விடும் ஒவ்வொரு கார்த்திகையிலும் மேரி அக்காவின் தொலைபேசி வரும். “எங்கட மரங்கள் துளிர்த்திட்டுதோ?” நான் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். முருங்கன் வயலைப் பற்றி இப்படிக் கேட்டறிய அவர்களுக்கு அங்கே ஒருவருமில்லை. ரானுயிக்கு நான் இருக்கிறேன், வேலிக்கு வெளியே நின்று யாரோ ஒருவரின் மரங்களைப் பார்த்துவிட்டு வந்து, “ஓம் அக்கா, எங்கட மரங்கள் துளிர்த்திட்டுது” என்று சொல்ல.