இரண்டு நிலக்கடலை

சிங்காநல்லூரிலிருந்து காங்கேயம் போகும் தனியார் பஸ் ஒன்றில் மோகன்குமார் பதினொரு வருஷமாக டிரைவர். சூலூரில் வீடு. மனைவி லோகப்பிரியா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். மகள் அக்ஷயா ஒன்றாம் வகுப்பு. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு டிப்பர் லாரிகளுக்கு நடுவே புகுந்து போகிற மனுஷனுக்கு எதைக் கண்டு பயம் என்று யாராவது கேட்டிருந்தால், அவனால் வெளியே சொல்லியிருக்க முடியாது. அவனுக்குத் தன் வயிற்றைக் கண்டு பயம்.

காலை ஐந்தரை மணி டிரிப்புக்கு முன்னால் ஸ்டாண்டில் ஒரு டம்ளர் பால் காப்பி குடிப்பான். சூலூர் வருவதற்குள் வயிறு உப்பும். காரணம்பேட்டையில் உள்ளே கடமுடாவென்று உருளும். பல்லடம் நெருங்கும்போது நெற்றியெல்லாம் வியர்த்து, ஸ்டீயரிங்கைப் பிடித்த கை பிசுபிசுக்கும். ஒரு நாள் தாங்காமல், வண்டி நிறைய ஆட்கள் இருக்கும்போதே பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்திவிட்டு ஓடினான். திரும்பி வந்தபோது பின்சீட்டில் யாரோ செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓனர் காதுக்குப் போனால் வேலை என்னாகும் என்று காங்கேயம் வரைக்கும் அதே நினைப்பு. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. குடலில் ஏதோ கெட்டது வளர்கிறது என்று அவனாகவே முடிவு செய்திருந்தான். அதனாலேயே ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

கடைசியில் லோகப்பிரியாதான் பல்லடத்து டாக்டர் ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு வாரம் என்னென்ன சாப்பிட்டான், எத்தனை நேரம் கழித்து என்ன ஆனது என்று எழுதி வரச் சொன்னார். பிறகு இரண்டு வாரம் பாலை நிறுத்தச் சொன்னார். மூன்றாம் நாளே வயிறு அடங்கிவிட்டது. மறுபடி அரை டம்ளர் பால் குடித்துப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. முழு டம்ளர் குடித்தான், பழைய கதை.

"பாலில இருக்கற சர்க்கரையச் செரிக்க வைக்கற சத்து உங்க குடல்ல குறைவு. நோயெல்லாம் இல்லீங்க," என்றார் டாக்டர். "உங்களுக்கு எவ்வளவு தாங்குதோ அவ்வளவு குடிங்க. தயிர் பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. வண்டி எடுக்கறதுக்கு முன்னால வரக்காப்பி போதும்."

அன்றிலிருந்து மோகன்குமார் வேறு ஆள். அளவு தெரிந்துகொண்டால் எதையும் சமாளித்துவிடலாம் என்று போகிற இடமெல்லாம் சொன்னான். கண்டக்டர் ரவிதேஜாவுக்குக் கத்திரிக்காய் சேராது என்று கேள்விப்பட்டதும் அவனுக்கும் அதே உபதேசம்.

"கொஞ்சங் கொஞ்சமாப் பழகோணும் ரவி. பயந்து ஒதுக்குனா ஒடம்பு அதையே புடிச்சுக்கும்."

"டாக்டருக்குப் படிச்சிருக்கலாமுங்ணா நீங்க," என்று ரவிதேஜா சிரித்தான்.

வீட்டில் அக்ஷயாவுக்கும் சேராதது ஒன்று இருந்தது. அதற்கு முந்தின வருஷம் கோயில் விசேஷத்தில் யாரோ கொடுத்த கடலை மிட்டாயைக் கடித்தவளுக்கு உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. மருந்துக்கடையில் ஒரு சிரப் வாங்கிக் கொடுத்ததும் இறங்கிவிட்டது. டாக்டரிடம் காட்டவில்லை. 'பிள்ளைக்குக் கடலை சேராது' என்று வீட்டில் பேச்சானது. 'அப்பனுக்குப் பால் சேராது' என்பதும் அதே வீட்டில் இருந்த பேச்சுதான். இரண்டுக்கும் ஒரே வார்த்தை. அந்த வார்த்தையை நம்பித்தான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான்.

"எனக்குச் செஞ்ச மாதிரியே பாப்பாளுக்கும் செஞ்சு பாக்கலாமா?" என்று ஒரு தடவை கேட்டான்.

"ஏனுங்க, வெளையாடறீங்களா? டாக்டரக் கேக்காம அதெல்லாம் வேண்டாம்," என்றாள் லோகப்பிரியா.

ஆனால் பள்ளிக்கூடத்தில் கூட்டாளிப் பிள்ளைகள் கடலை உருண்டை தின்னும்போது தான் மட்டும் தள்ளி உட்கார்ந்திருந்ததை அக்ஷயா வந்து சொன்னது அவன் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. சட்னியிலிருந்து மசால் பொரி வரை கடலை இல்லாத பண்டம் நம்மூரில் எது? பிள்ளை காலம் பூராவும் இப்படியே எத்தனை பந்தியிலிருந்து எழுந்து போவாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை லோகப்பிரியா ஓவர்டைம் போயிருந்தாள். அவன் ஒரு நிலக்கடலைப் பருப்பில் பாதியைக் கொடுத்தான். "நாக்கு நமநமங்குதுப்பா," என்றாள் பிள்ளை. அரைமணி நேரத்தில் சரியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு ஒரு முழுப் பருப்பு. காதுக்குக் கீழே இரண்டு தடிப்பு வந்து அடங்கியது. உடம்பு பழகுகிறது என்று நினைத்தான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், நன்றாகப் பழகிய பிறகு சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று பிள்ளையையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டான்.

மூன்றாவது ஞாயிறு, பகல் பதினொரு மணி இருக்கும். வேகவைத்த கடலை இரண்டு.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "அப்பா, தொண்டையில என்னமோ மாட்டிக்கிச்சு," என்றாள். இருமினாள். வாந்தி எடுத்தாள். வயிற்றில் போனது வெளியே வந்துவிட்டது, இனிச் சரியாகிவிடும் என்று நினைத்துச் சீரகம் போட்டு வெந்நீர் வைத்தான். அவன் வயிறு உப்பும்போது லோகப்பிரியா வைத்துக் கொடுப்பது அதுதான். டம்ளரோடு வந்து பார்த்தால் பிள்ளையின் கண்கள் வீங்கிக் கோடாகியிருந்தன. முகம், கை, வயிறு எல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது. "அப்பா" என்று கூப்பிட்டாள். அது அவள் குரலாகவே இல்லை. கரகரவென்று யாரோ பெரிய ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது.

டம்ளர் கையிலிருந்து விழுந்தது. பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் உள்ளே ஓடிவந்து பிள்ளையை வாரித் தூக்கினாள்.

"நின்னுட்டிருக்கறயே சாமி, வண்டிய எடு! மூச்சு இழுக்குது பிள்ளைக்கு!"

பைக்கின் பின்னால் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. தினமும் நாலு தடவை போய்வருகிற ரோடு. அன்றைக்கு அது முடியவே இல்லை. சந்தைக்கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. ஹாரனில் வைத்த விரலை எடுக்காமல், வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே போனான். முதுகுக்குப் பின்னால் அந்த விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் அது கேட்கவில்லை. சத்தத்தில் மறைந்துவிட்டதா, நின்றே போய்விட்டதா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

உள்ளே டியூட்டியில் இருந்தவர் டாக்டர் ஃபஹீமா. பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டிராயரைத் திறந்து மருந்தை ஏற்றித் தொடையில் ஊசியைக் குத்தினார். நர்ஸ் மூக்கின்மேல் ஆக்சிஜன் வைத்தாள். மோகன்குமார் சுவரோடு ஒட்டி நின்றான். பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு ஊசி போட்டார்கள். அதற்கப்புறம்தான் அக்ஷயா அழுதாள். தெளிவாக, வாய்விட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும் அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன சாப்பிட்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியலீங்க," என்றான்.

பழனாத்தாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குள் ஓடிவந்தபோது கிண்ணத்தில் இருந்த கடலையை அவள் பார்த்திருந்தாள்.

"கடலைங்க," என்றான் மோகன்குமார். "ரெண்டே ரெண்டு. நாந்தான் கொடுத்தேன். பழக்கிவிடலாம்னு."

அவன் தன் பால் கதை முழுவதையும், முந்தின இரண்டு ஞாயிறு கொடுத்துப் பார்த்ததையும் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர் சொன்னார்:

"உங்களுக்கு இருக்கறது செரிமானத் தொல்லை. அவஸ்தைதான், ஆனா உயிரை எடுக்காது. அதனாலதான் உங்களுக்கு அளவு வச்சுக் குடிக்க முடியுது. பாப்பாவுக்கு இருக்கறது அலர்ஜி. உடம்போட எதிர்ப்புச் சக்தியே கடலையை விஷம்னு நினைச்சுச் சண்டைக்கு வருது. தோல், மூச்சு, ரத்த அழுத்தம்னு எல்லா இடத்துலயும் வரும். இதுல இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாது. போன தடவை லேசா வந்துச்சுங்கறதுக்காக அடுத்த தடவையும் லேசா வரும்னு இல்லை."

"கொஞ்சங் கொஞ்சமாக் கொடுத்தா..."

"அப்படி ஒரு சிகிச்சை இருக்கு. துகள் துகளா அளந்து, ஊசியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, அதுக்குன்னே படிச்ச டாக்டர் முன்னால உட்கார வச்சுக் கொடுப்பாங்க. வீட்டுல யாரும் செய்யக்கூடாது. நாக்கு நமநமன்னுச்சுன்னு சொன்னாளே, அது எச்சரிக்கை."

அடங்கியது சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம் என்று மறுநாள் காலை வரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

லோகப்பிரியா கம்பெனியிலிருந்து வந்தபோது மணி ஒன்று. மகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். அவன் சொன்னான். திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான்.

"இதுக்கு முன்னால எத்தன தடவ?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு."

"என்றகிட்டச் சொல்ல வேண்டாம்னு பிள்ளைகிட்டச் சொன்னீங்களா?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். அவள் உள்ளே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கோயமுத்தூரில் அலர்ஜி டாக்டரிடம் சோதனை செய்து, நிலக்கடலைதான் காரணம் என்பது உறுதியானது. பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் வீட்டுக்குள் எதுவும் வருவதில்லை. செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் கடலைச் சத்து தங்கும் என்பதால் விசேஷ வீடுகளுக்குத் தேங்காயெண்ணெயில் செய்த சோறு தனி டப்பாவில் போகும். "ஒரு வாய் தின்னா என்னாயிரும்?" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது மோகன்குமாரின் வேலை. அவர்கள் பேசுவது தன் பேச்சு போலவே இருப்பதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசும்.

காங்கேயம் லைனை அவன் விட்டுவிட்டான். பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று ஓனரிடம் கேட்டு சூலூர்–காந்திபுரம் வண்டிக்கு மாறினான்; ரவிதேஜாவும் கூடவே வந்தான். வண்டி ஓட்டும்போது செல்போன் ரவிதேஜாவிடம் இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டால் மட்டும் சொல்லச் சொல்லியிருந்தான். ஒரு நாள் ரவிதேஜா ஓடிவந்து, "அண்ணா, ஸ்கூல்ல இருந்து," என்றான். மோகன்குமார் வண்டியை ஓரம் கட்டி போனைப் பிடுங்கினான். மறுநாள் பெற்றோர் கூட்டம் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் பத்து நிமிஷம் அவனால் கியர் போட முடியவில்லை.

அலர்ஜி டாக்டர், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போட்ட அதே ஊசிக்கான மருந்துக் குப்பியும் சிரிஞ்சும் இரண்டு செட்டு எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று வீட்டில். குப்பியை உடைப்பது, கோடு வரைக்கும் இழுப்பது, தொடையின் வெளிப்பக்கம் குத்துவது எல்லாவற்றையும் இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தார். முதலில் ஊசி, அப்புறம் ஆஸ்பத்திரி. வெந்நீர், சிரப் என்று ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது.

தேதி முடிந்த குப்பிகளை லோகப்பிரியா எறிவதில்லை. ஒன்றிரண்டு சேர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்ஷயா வெளியே விளையாடும் நேரம், மேஜைமேல் ஒரு சாத்துக்குடியை வைத்து, கையில் செல்போனோடு நிற்பாள்.

"ஆரம்பிங்க," என்பாள்.

அவன் குப்பியை உடைத்து, மருந்தை இழுத்து, குமிழியைத் தட்டிவிட்டு, பழத்தில் குத்துவான்.

"அம்பத்தி ரெண்டு செகண்டு," என்பாள். "இன்னொருக்காப் பண்ணுங்க."